நாற்பது ஆண்டுத் தூசி

அந்த அலுவலகத்தில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: ஒருவர் ‘தூசி’ என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

விதிக்கு நியாயமான பின்னணியும் இருந்தது. அது ஒரு விமர்சனக் காலாண்டிதழின் அலுவலகம். நாற்பது ஆண்டுகளின் பழைய இதழ்கள் பின்னறையில் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. எனவே ஆசிரியரின் மூக்கு சிவந்திருந்தால் தூசி. இணை ஆசிரியரின் குரல் கம்மியிருந்தால் தூசி. பாதிக்கப்பட்டவர் கையை மூக்கருகே ஒருமுறை ஆட்டி அந்த ஒற்றைச் சொல்லை உச்சரிப்பார். மற்றவர்கள் தலையசைத்துவிட்டுத் தத்தம் வேலைகளுக்குத் திரும்புவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, இரண்டு கண்களையும் தேனீ கொட்டியதுபோல் வீங்கவைத்துக்கொண்டு உதவி ஆசிரியை உள்ளே நுழைந்தபோது, அவளும் விதிப்படியே நடந்தாள்.

“தூசி சார்.”

ஆசிரியர் தலையசைத்தார். அத்துடன் அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால், இன்னும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காத ஒருத்தி அலுவலகத் தூசியைக் குற்றம் சாட்டுவது தர்க்கத்துக்குப் பொருந்தவில்லையே என்று அவளுக்கே தோன்றியது. தர்க்கப் பிழைகளைத் திருத்துவதுதான் அவள் தொழில்.

“நேத்துப் பட்டது சார். பின்னறைத் தூசி. இன்னைக்குத்தான் வேலை காட்டுது.”

ஆசிரியரின் தலை பாதி அசைவில் நின்றது. பொதுவான தூசிக்குத் தலையசைத்தால் போதும். முகவரியோடு கூடிய தூசிக்கு நிர்வாகம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

“அக்கா!” என்று குரல் கொடுத்தார். துப்புரவுப் பணியாளரை எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள், அவரைவிடப் பத்து வயது மூத்த ஆசிரியர் உட்பட. “இன்னைக்குப் பின்னறை முழுக்கக் காலி பண்ணித் தூசி தட்டிடுங்க.”

அக்கா துடைப்பத்துடன் வந்து நின்றார். “எந்தத் தூசி சார்?”

“எல்லாத் தூசியும்தான்.”

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு உதவி ஆசிரியையின் கண்களைப் பார்த்தார். “சரி சார்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னறையில், இருபத்து மூன்றாம் ஆண்டுத் தொகுப்புக்குப் பின்னால், உதவி ஆசிரியையின் நோட்டு இருந்தது.

ஏழு மாதங்களாக மதிய உணவு நேரத்தில் அவள் அந்த அறையின் முக்காலியில் அமர்ந்து, காதுக்கு ஒரு இயர்போனும் மடிக்கு ஒரு நோட்டுமாகக் கொரியத் தொடர்களையும் ஜப்பானியத் தொடர்களையும் பார்த்துவந்தாள். வெறுமனே பார்க்கவில்லை, தீர்ப்பளித்தாள். எந்தப் பகுதியில் கதை தளர்ந்தது, எந்தக் கண்ணீர் நியாயமானது, எந்தக் கண்ணீர் இசையமைப்பாளரால் பிழிந்தெடுக்கப்பட்டது என்றெல்லாம் ஈவிரக்கமின்றி எழுதினாள். புதன்கிழமை முடிந்த ஒரு கொரியத் தொடரைப் பற்றி நேற்றுத்தான் ஆறு பக்கத் தீர்ப்பை எழுதி முடித்திருந்தாள். இன்று காலை பேருந்தில் கடைசிப் பகுதியை இன்னொரு முறை பார்த்ததுதான் வீக்கத்துக்குக் காரணம்.

இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதில் அவளுக்கு ஐயம் இல்லை. அந்த இதழில் ‘தொடர்’ என்பது ஒரு வசைச்சொல். ஒரு நாவலைக் குறித்து ‘தொடர்த்தன்மை கொண்டது’ என்று எழுதிவிட்டால், அதன் ஆசிரியர் இரண்டு வருடம் வெளியில் தலைகாட்ட மாட்டார். இன்றோ அவளுடைய தகுதிகாண் பருவத்தின் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் ஆசிரியர் ஒரு தாளில் கையெழுத்திட்டால் மதிப்புரைப் பகுதி அவள் பொறுப்பு. இல்லையென்றால், முன்பு வேலை பார்த்த பயிற்சி மையத்துக்கே திரும்பிச் சென்று, ஒரே கேள்விக்கு முந்நூறு பேர் எழுதிய ஒரே பதிலைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

“அக்கா, நானும் கூட வர்றேன்,” என்று ஓடினாள்.

“கண்ணு இப்படி இருக்கு, நீ எதுக்குப் பாப்பா?”

“தூசிக்குத் தூசியே மருந்துக்கா.”

அக்கா வழிவிட்டார். அவள் தொகுப்பின் பின்னால் கைவிட்டு, நோட்டு பிடிபட்டாலும் புதிய தீர்ப்பாவது தப்பட்டும் என்று அதிலிருந்து அந்த ஆறு தாள்களைக் கிழித்தெடுத்து, நோட்டைப் புடவைக் கொசுவத்தில் செருகினாள். தாள்களையும் மடித்து ஒளிப்பதற்குள் வாசலில் ஒரு செருமல் கேட்டது.

இணை ஆசிரியர். அவருக்கு ‘அடிக்குறிப்பு’ என்று பெயர் வைத்தது அவள்தான். யார் என்ன சொன்னாலும் ‘இதற்கு ஆதாரம்?’ என்று கேட்கும் மனிதர். மழை பெய்கிறது என்றாலும் கேட்பார்.

“என்ன மேடம் கையில?”

“மதிப்புரை சார். தபால்ல வந்தது. கீழ விழுந்து கிடந்தது.”

“அப்போ நீலத் தட்டுல போடுங்க.”

அவர் பார்த்துக்கொண்டே நின்றதால், அவள் போட்டாள். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினாள். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. ஏனெனில் மணி பதினொன்று ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்த அலுவலகத்தில் ‘பெயர் மறைத்த வாசிப்பு’ நடக்கும். ஆசிரியர் பெருமையுடன் உருவாக்கிய வழக்கம் அது. நீலத் தட்டிலுள்ள ஒவ்வொரு பிரதியின் தலைப்பகுதியையும் எழுதியவர் பெயர் தெரியாதபடி ஓர் அங்குலம் கத்தரித்துவிட்டு, உரக்க வாசித்து, முதலில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். யார் எழுதியது என்ற கேள்வி அப்புறம்தான். கத்தரிப்பவர் அடிக்குறிப்பு.

அவர் அந்த ஆறு தாள்களை எடுத்தார். முதல் தாளின் தலையைக் கத்தரித்தார். அதில்தான் தொடரின் பெயர் இருந்தது. வெட்டிய துண்டை ஒரு கணம் பார்த்தார். வழக்கமாகக் கூடையில் எறிபவர், இம்முறை ஏதோ நினைவில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உதவி ஆசிரியை நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

அடிக்குறிப்பு வாசிக்கத் தொடங்கினார்:

“‘கொரியப் படைப்பில் மழை பெய்தால் இருவருக்கும் சேர்த்து ஒரே குடைதான் இருக்கும். ஜப்பானியப் படைப்பில் இருவரிடமும் தனித்தனிக் குடை இருக்கும். அதுதான் அங்கே துயரம். முன்னது, சொல்லிவிட்டதால் வரும் சிக்கலைப் பதினாறு பகுதிகளுக்கு விரிக்கிறது. பின்னது, சொல்லாமல் விட்டதைப் பத்தே பகுதிகளில் மடித்து வைத்துவிடுகிறது. இந்தப் படைப்பு கொரிய மண்ணில் நின்றுகொண்டு ஜப்பானியக் குடையைப் பிடிக்க முயல்கிறது. ஒன்பதாம் பகுதியில் நாயகனுக்கு நினைவு தப்புவது மன்னிக்க முடியாத சோம்பல். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நாயகிக்காகக் காத்திருக்கும் அந்த இரண்டாமவனின் மௌனத்துக்காக நான் கதாசிரியரின் எல்லாப் பிழைகளையும் மன்னிக்கிறேன்…’”

இங்கே அடிக்குறிப்பின் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்தார்.

“தூசி,” என்றார்.

எல்லோரும் தலையசைத்தார்கள்.

ஆறு பக்கமும் முடிந்தபோது ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

“பத்து வருஷமா இப்படி ஒரு மதிப்புரை இந்த மேஜைக்கு வரல,” என்றார். “இந்த இதழோட முதல் பக்கம் இதுதான். எழுதினது யாருன்னு தெரிஞ்சா, மதிப்புரைப் பகுதியையே அவங்ககிட்டக் கொடுத்துடுவேன்.”

வாய் மூடியிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் ஐந்து மணிக் கையெழுத்து இவ்வளவு அருகில் வந்து நிற்கும்போது எந்த வாய் மூடிக்கொள்ளும்?

“நான்தான் சார்.”

“நீங்களா! தபால்ல வந்ததுன்னு சொன்னீங்களே?” என்றார் அடிக்குறிப்பு.

“பாரபட்சம் இருக்கக் கூடாதுன்னு எனக்கே நான் தபால்ல அனுப்பிக்கிட்டேன் சார்.”

ஆசிரியர் நெகிழ்ந்துபோனார். “இதுதான் அறம். இதுதான் விமர்சன அறம். சரிம்மா, நூல் என்ன?”

“கொரிய நாவல் சார். மொழிபெயர்ப்பு.”

“எழுதினவர்?”

“அவர் பேர் வெளியிட விரும்பாதவர் சார்.”

“புனைபெயர்?”

“அதையும் விரும்பாதவர்.”

இப்போது அடிக்குறிப்பு ‘இதற்கு ஆதாரம்?’ என்பார், கதை முடிந்தது என்று அவள் கண்ணை மூடினாள். அவரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்துகொண்டார்.

“நான் படிச்சிருக்கேன்,” என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். இல்லாத நாவலை ஒருவர் படித்திருப்பதாகச் சொல்லும்போது, அது எழுதப்படவே இல்லை என்று அறிந்த ஒரே நபர் என்ன செய்ய வேண்டும் என்று எந்த விமர்சனக் கோட்பாடும் சொல்லித்தரவில்லை.

“படிச்சிருக்கீங்களா சார்?”

“படிக்காம? உங்க தீர்ப்புல எனக்கு உடன்பாடு இல்ல மேடம். அந்த இரண்டாமவனை ரொம்பத் தூக்கிப் பிடிச்சிருக்கீங்க. பச்சை ஃபிளாஸ்கைத் தூக்கிக்கிட்டு ஏழு வருஷம் பஸ் ஸ்டாப்புல நின்னா அது காதலா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்லுவான்?” என்று ஆசிரியர் மேஜையைத் தட்டினார். “அவ தங்கச்சி ஆஸ்பத்திரியில கிடக்கிறப்போ போய்க் காதலைச் சொல்லுவானா? மனுஷனய்யா அவன்! நாய்க்கு ஊசி போடுறப்போகூட அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போடுறவன்!”

“சாரும் படிச்சிருக்கீங்களா?” என்று அவள் ஈனக்குரலில் கேட்டாள்.

“என்னம்மா கேள்வி இது? எப்பவோ படிச்சாச்சு.”

அவள் திகைத்தாள். பச்சை ஃபிளாஸ்க், தங்கை, நாய் மருத்துவம் எல்லாம் மதிப்புரையில் இருந்தனவா? ஒருவேளை எழுதியிருப்பேனோ? இல்லை, எழுதவில்லை. அப்படியென்றால் வெறும் ஊகத்தாலேயே சரியாகச் சொல்கிறார்கள். படிக்காத நூல்களைப் பற்றி இருபது, முப்பது ஆண்டுகள் பேசிப் பழகியவர்களுக்கு ஊகம் இவ்வளவு கூர்மை பெற்றுவிடுமா என்று அவள் முதன்முறையாகத் தன் மூத்தோரை அச்சம் கலந்த மரியாதையுடன் பார்த்தாள்.

மரியாதை நீடிக்கவில்லை. ஆசிரியர் பேனாவை எடுத்தார். “பெட்டிச் செய்தி போடணும். பதிப்பகம், பக்கம், விலை. நூலைக் கொண்டு வாங்க.”

“வீட்டுல இருக்கு சார்.”

“போய் எடுத்துட்டு வாங்க. மூணு மணி வரைக்கும் டைம்.”

“மழையில நனைஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சு சார்.”

“விலையுமா?”

“விலைதான் சார் முதல்ல அழிஞ்சுது.”

“அதனால என்ன,” என்றார் அடிக்குறிப்பு, கையைப் பெருந்தன்மையுடன் விரித்து. “என்கிட்ட ஒரு பிரதி இருக்கு. நான் கொண்டு வர்றேன்.”

அவள் அவரையே பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். நீ பொய்யன் என்று சொல்ல அவளுக்கு ஆதாரம் இருந்தது. ஆனால் அந்த ஆதாரம் அவளுடைய கொசுவத்தில் செருகியிருந்தது.

அப்போது அக்கா எட்டிப்பார்த்தார். “பின்னறை முடிச்சாச்சு சார்.”

“நாப்பது வருஷத் தூசி, அரை மணி நேரத்துலயா?”

“ஆமா சார்.” கையிலிருந்த துணியை விரித்துக் காட்டினார். அது வெள்ளையாகவே இருந்தது.

ஆசிரியர் முகத்தை வேறு பக்கம் திருப்பினார். “இன்னொரு தடவை தட்டுங்க.”

மூன்று மணிக்கு அடிக்குறிப்பு வெறுங்கையுடன் திரும்பினார். அவருடைய மைத்துனர் அந்த நாவலை இரவல் வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டாராம். மைத்துனருக்கு எந்தக் கப்பலில் என்ன வேலை என்று ஆசிரியர் விசாரிக்கவில்லை. ‘எப்போதோ படித்த’ அவரும் தம் பிரதி எங்கே என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

“பெட்டிச் செய்தி வேண்டாம்,” என்று முடிவெடுத்தார். “ஆனா ஒரு சிக்கல் இருக்கு. நம்ம இதழ் இப்படி உருகுதேன்னு வாசகர்கள் கேப்பாங்க. நமக்குன்னு ஒரு மரபு இருக்கு. கடைசியில ஒரு வாக்கியம் சேர்க்கணும்.”

“சேர்த்துட்டேன் சார்,” என்று அடிக்குறிப்பு ஒரு தாளை நீட்டினார்.

ஆசிரியர் வாசித்தார்: “‘ஆயினும், இத்தகைய மலிவான மிகையுணர்ச்சி, வேறு வேலையற்றோர் வீட்டில் அமர்ந்து கண்ணீர் வடிக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கே உரியது என்பதை இங்கே வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியுள்ளது.’ நல்லா இருக்கு. கீழ உங்க கையெழுத்துப் போடுங்கம்மா. அதுல நீங்க போட்டதும் இதுல நான் போடுறேன்.”

பணி உறுதி ஆணை மேஜைமேல் கிடந்தது. மூடி திறந்த பேனா அதன் அருகில் இருந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். ஒரே ஒரு வாக்கியம். ஏழு மாத முக்காலிக்கும், பயிற்சி மையத்தின் முந்நூறு விடைத்தாள்களுக்கும் விடைகொடுக்கும் வாக்கியம். ‘மலிவான’ என்ற சொல்லை மறுபடி படித்தாள். ‘வேறு வேலையற்றோர்’ என்பதையும் படித்தாள். பேனாவால் இரண்டையும் அடித்தாள். பிறகு மிச்சமிருந்த சொற்களை மட்டும் எதற்காக விட்டுவைப்பது என்று மொத்தத்தையும் அடித்தாள்.

“என்னம்மா பண்றீங்க?”

“மெய்ப்புத் திருத்துறேன் சார். இது பொய்.”

“எது பொய்?”

“இந்த வாக்கியம் பொய். அந்த நாவலும் பொய். அப்படி ஒரு நாவலே கிடையாது சார். அது தொடர். கொரியத் தொடர். நான் பதினாறு பகுதியும் பார்த்தேன். கடைசிப் பகுதியை நாலு தடவை பார்த்தேன்.”

அடிக்குறிப்பின் நாற்காலி கிறீச்சிட்டது.

“மேடம், நிதானமாப் பேசுங்க.”

“நிதானமாத்தான் சார் பேசறேன். எனக்கு வேறு வேலை இல்லாம இல்ல. இந்த இதழோட அத்தனை மெய்ப்பும் நான்தான் பார்க்கிறேன். போன இதழ்ல ‘மௌனத்தின் அரசியல்’னு நீங்க நாப்பது பக்கம் எழுதினீங்க, அதுல ஒரு இடத்துலகூட மௌனம் இல்ல. அந்த ஆள் ஒரு ஃபிளாஸ்கைக் கையில வச்சுக்கிட்டு நாலு நிமிஷம் சும்மா நிக்கிறான். அதுல அவ்வளவும் இருக்கு. ஒருத்தர் கையை ஒருத்தர் தொடுறதுக்கு எட்டு மணி நேரம் பொறுமையா காத்திருக்கிற கதையை மலிவுன்னு சொல்ல, ஒரு நாவலை எட்டு நிமிஷம் புரட்டிட்டு எழுதுற நமக்கு என்ன தகுதி இருக்கு? குறை இருக்கு, ஒத்துக்கிறேன். ஒம்பதாம் பகுதி அபத்தம். அதைத் திட்டித்தான் எழுதியிருக்கேன். திட்டுறதும் நான்தான், அழுறதும் நான்தான். ரெண்டுக்கும் என் பேரைப் போடுங்க. அந்த வாக்கியத்துக்கு மட்டும் போட மாட்டேன்.”

மூச்சு வாங்கியது. கொசுவத்திலிருந்து நோட்டை உருவி மேஜைமேல் போட்டாள்.

“இன்னும் பத்தொம்பது தொடருக்குத் தீர்ப்பு இதுல இருக்கு. ஆறு ஜப்பான், மிச்சம் கொரியா. எதுக்கும் நான் வெட்கப்படல. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் மன்னிப்புக் கேக்கணும். உங்க எல்லாருக்கும் நிஜமாவே தூசி ஒத்துக்காது. நான் மட்டும்தான் பொய்த் தூசி சொல்லி உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். இப்போ அந்தத் தாளைக் கிழிக்கிறதுன்னா கிழிங்க சார்.”

யாரும் கிழிக்கவில்லை. ஆசிரியர் நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் வேகம் குறைந்தது. அடிக்குறிப்பு எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, ஏதோ ஒரு வரியில் விரலை வைத்து, பிறகு வைத்ததை உணர்ந்து, எடுத்துக்கொண்டார்.

“இந்த அலுவலகத்துல,” என்று ஆசிரியர் கனத்த குரலில் தொடங்கினார், “இதையெல்லாம் யாரும் பார்க்கிறதில்ல.”

“யாரும்,” என்றார் அடிக்குறிப்பு.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். புறங்கையால் கண்ணைத் தேய்த்தார். அடிக்குறிப்பு ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவியபோது, ஓர் அங்குல அகலக் காகிதத் துண்டு ஒன்று தரையில் விழுந்தது. அவர் சட்டென்று அதன்மேல் செருப்பை வைத்தார்.

“தூசி,” என்றார் ஆசிரியர்.

“ரொம்பத் தூசி சார்,” என்றார் அடிக்குறிப்பு.

பழக்கத்தின் வலிமையால் உதவி ஆசிரியையும் தலையசைத்தாள்.

வாசலில் துடைப்பத்துடன் நின்றிருந்த அக்கா மட்டும் தலையசைக்கவில்லை.

“பதினோரு வருஷமா தினம் ரெண்டு வேளை நான்தான் சார் இந்த ஆபீஸைக் கூட்டுறேன், நீங்க மூணு பேரும் கண்ணைத் துடைச்சுப் போட்ட டிஷ்யூவைக் கூடை கூடையா கொட்டுறதும் நான்தான், இங்க ஒரு பொட்டுத் தூசி கிடையாது, அந்த நாய் டாக்டருக்காக நானும்தான் மூணு நாளா அழறேன், ‘தூசி’ன்னா சொன்னேன்?”